பிட்ஸ்பர்க் கிரவுண்டு, ஆத்துல விழுற பந்து, கொஞ்சம் புளியோதரை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒருத்தர் "நீங்க பாத்த கிரவுண்டுலயே எது அழகு?"ன்னு கேட்டிருந்தார், நான் பாட்டுக்கு "பிட்ஸ்பர்க் பேஸ்பால் கிரவுண்டு"ன்னு ஒத்த வரியில சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். வந்த கடுதாசியையும் மெயிலையும் பாத்தா பாதி பேர் திட்டு, சேப்பாக்கத்தைச் சொல்லாம எவனோ கட்டையைச் சுழட்டுற இடத்தைச் சொல்றியேன்னு. மீதி பேர் நெஜமாவே ஆர்வமா கேட்டிருக்காங்க. அந்த ஊர்ல மூணு வருஷம் குப்பை கொட்டினவன்ங்கற உரிமைல இந்த வாரம் முழுக்க அதுதான், வேற கேள்வி கேட்டவங்க மன்னிச்சுக்கோங்க.

அப்படி என்ன சார் அங்க அழகு? ஸ்டேடியம்னா ஸ்டேடியம்தானே. (ஒரு வாசகர், ஈரோடு)

அதான் இல்ல சார். பொதுவா ஸ்டேடியம்னா ஒரு பெரிய கிண்ணம், உள்ள போய் உக்காந்துட்டா நீங்க ஈரோட்டுல இருக்கீங்களா இங்கிலாந்துல இருக்கீங்களான்னே தெரியாது. இங்க அந்தக் கிண்ணத்துல ஒரு பக்கத்தை வேணும்னே தாழ்வா விட்டுட்டாங்க. அலிகேனின்னு ஒரு ஆறு, ஆத்துக்கு வடகரைல கிரவுண்டு, தென்கரைல ஊரோட டவுன்டவுன். நீங்க பேட் பண்றவருக்குப் பின்னாடி மேல உக்காந்து பாத்தீங்கன்னா முதல்ல பச்சைப் புல்லு, அதைத் தாண்டி ஒரு சுவர், சுவருக்கு அந்தாண்ட ஆறு, ஆத்து மேல மஞ்சக் கலர்ல இரும்புப் பாலம், அதுக்கும் பின்னாடி வரிசையா கட்டடங்க. 64 மாடி யு.எஸ். ஸ்டீல் டவர் ஒண்ணு கருப்பா நிக்கும், அது பக்கத்துல பி.பி.ஜி பிளேஸ்னு முழுக்கக் கண்ணாடியிலேயே கட்டின கோட்டை மாதிரி ஒண்ணு. சாயங்காலம் சூரியன் உங்க முதுகுப் பக்கமா இறங்கும்போது அந்தக் கண்ணாடி மொத்தமும் ஆரஞ்சா பத்திக்கும் பாருங்க, அந்தப் பத்து நிமிஷம் ஆட்டத்துல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது, ஸ்கோரை அப்புறமா போர்டுல பாத்துக்குவேன்.

பேரு பி.என்.சி பார்க். பி.என்.சிங்கறது அந்த ஊர் பேங்க்கு. தொறந்தது 2001. சீட்டு 38,000 சொச்சம்தான், அமெரிக்க பேஸ்பால் கணக்குக்கு சின்னது. ரெண்டே அடுக்கு. அமெரிக்கால 1953ல மில்வாக்கில கட்டினதுக்கு அப்புறம் பெரிய லீக்ல ரெண்டு அடுக்கோட கட்டினது இதுதான் முதல், நடுவுல வந்ததெல்லாம் மூணு அடுக்கு, நாலு அடுக்கு. அதனால இங்க ஆக உச்சி சீட்டே கிரவுண்டுல இருந்து 88 அடிதான். கடைசி வரிசை டிக்கெட் வாங்கினவனுக்கும் பந்து கண்ணுக்குத் தெரியும், எறும்பு ஊர்ற மாதிரி தெரியாது.

அந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு? (ஒரு வாசகர், கரூர்)

பக்கத்துலயே 'த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம்'னு ஒண்ணு, 1970ல தொறந்தது. அந்த ஊர்ல அலிகேனியும் மொனாங்கஹேலாவும் சேந்து ஓஹையோ ஆறா ஆகுது, அதான் மூணு ஆறு. கூத்து என்னன்னா பேர்ல மூணு ஆறு இருக்கு, உள்ள உக்காந்தா ஒரு ஆறும் தெரியாது! வட்டமா கான்கிரீட், கீழ பிளாஸ்டிக் புல்லு, பேஸ்பாலும் அதுலதான் அமெரிக்கன் ஃபுட்பாலும் அதுலதான். அந்தக் காலத்துல ஊருக்கு ஊர் அப்படித்தான் கட்டி வெச்சாங்க, செலவு மிச்சம்னு. ரெண்டு ஆட்டத்துக்கும் பொதுவா கட்டினா ரெண்டுக்குமே சரியா அமையாதுன்னு புரிய அவங்களுக்கு முப்பது வருஷம் ஆச்சு. 2001 பிப்ரவரி 11ந்தேதி காலைல வெடி வெச்சு இறக்கிட்டாங்க.

அதுக்கும் முன்னாடி, நூறு வருஷத்துக்கு முந்தி, அதே கரைல எக்ஸ்பொசிஷன் பார்க்னு மரக்கட்டை கிரவுண்டு. 1903ல நடந்த முதல் வேர்ல்டு சீரிஸ்ல (வருஷத்து சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற தொடர்) சில ஆட்டம் அங்கதான். ஆறு பொங்கினா கிரவுண்டுக்குள்ள வந்துரும். 1902 ஜூலை 4ந்தேதி அவுட்ஃபீல்டுல தண்ணி நிக்குது, லீவு நாள், கூட்டம் வந்தாச்சு, என்ன பண்றதுன்னு யோசிச்சு 'தண்ணில விழுந்த பந்து எல்லாம் சிங்கிள்'னு, அதாவது ஒரு பேஸ் மட்டும்தான்னு (பேஸ்னா ரன் எடுக்க வரிசையா தொட்டுட்டு ஓட வேண்டிய முனை) தனியா ஒரு ரூல் போட்டு ஆடி முடிச்சுட்டாங்க. நம்ம தெரு கிரிக்கெட்ல 'அந்த வீட்டு காம்பவுண்டுக்குள்ள போனா அவுட்'டுனு போடுவோமே, அதே சட்டசபைதான்.

ஆத்துல அடிச்சா எத்தனை ரன் அண்ணே? (ஒரு வாசகர், திருச்சி)

ஒண்ணும் எக்ஸ்ட்ரா கிடையாது தம்பி! சுவர் தாண்டினா ஹோம் ரன், அவ்ளோதான், ஆத்துல விழுந்தாலும் அடுத்த சந்துல விழுந்தாலும் கணக்கு ஒண்ணுதான். பெருமை மட்டும் தனி.

ஹோம் பிளேட்ல இருந்து, அதாவது பேட் பண்றவர் நிக்கிற இடத்துல இருந்து, ஆத்துத் தண்ணி 443 அடி. தரையில குத்தி உருண்டு போய் விழுறது அப்பப்ப நடக்கும். குத்தாம நேரா தண்ணிலயே விழுறது ரொம்ப அபூர்வம். முதல்ல அடிச்சது உள்ளூர்க்காரன் இல்ல, ஹூஸ்டன் டீம்ல ஆடின டேரில் வார்டு, 2002 ஜூலை 6. அதுவும் மூணு பேஸ்லயும் ஆள் நிக்கும்போது, அதாவது ஒரே அடில நாலு ரன். உள்ளூர் டீம்காரன் ஒருத்தன் அடிக்க 2013 வரைக்கும் காத்திருந்தாங்க, காரெட் ஜோன்ஸ். ஜாஷ் பெல்னு ஒருத்தர் 2019 மே மாசத்துல மட்டும் ரெண்டு தடவை இறக்கினார். 2025 மே மாசம் ஒனீல் குரூஸ்னு ஆறடி ஏழு அங்குலத்துல ஒரு பையன், அவன் பேட்ல பட்டு பந்து கிளம்பின வேகம் மணிக்கு 122.9 மைல், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 198 கிலோமீட்டர். 2015ல இருந்து கேமரா ரேடார் வெச்சு அளக்க ஆரம்பிச்சதுல அவ்ளோ வேகமா எவனும் அடிச்சதில்ல. அதுவும் நேரா ஆத்துல.

லெஃப்ட் ஹேண்டரா இருந்தாத்தான் இதுக்கு வசதி, ஏன்னா ஆறு இருக்கிறது ரைட் ஃபீல்டு பக்கம் (பேட் பண்றவர் பார்வைல வலது பக்கம்), அவங்க முழுசா சுத்தினா பந்து அந்தப் பக்கம்தான் போகும். ஓரத்துல பவுண்டரியும் 320 அடிதான். அடடா ஈசின்னு நெனைச்சுடாதீங்க, அந்தப் பக்கம் சுவர் 21 அடி உசரம். சென்டருக்கு லெஃப்ட்ல ஒரு மூலை இருக்கு, 410 அடி, அங்க தூக்கி அடிச்சு கேட்ச் ஆகி தலைல கை வெச்சுட்டுப் போனவங்க ஏராளம். அடிக்கிறவன் அடிக்கட்டும், ஆத்துல சின்னப் படகு போட்டுட்டுப் பந்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க பாருங்க சில பேரு, அவங்க பொறுமைக்குத்தான் அவார்டு குடுக்கணும்.

சுவர் ஏன் சரியா 21 அடி? இருபதுன்னு வெச்சா என்னவாம்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

நல்ல கேள்விம்மா. இதுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும்.

ராபர்ட்டோ கிளெமென்டேன்னு ஒரு ஆட்டக்காரர், போர்ட்டோ ரிகோ தீவுக்காரர், சட்டை நம்பர் 21. 1955ல இருந்து 1972 வரைக்கும் ஒரே டீம், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். ரைட் ஃபீல்டுலதான் நிப்பார், அங்க இருந்து அவர் எறியற த்ரோவைப் பத்தி வயசானவங்க இன்னும் கண்ணை விரிச்சுப் பேசுவாங்க. அந்தக் காலத்துப் பேப்பர்க்காரங்க அவர் பேரை வாய்ல நுழையலன்னு 'பாப்'னு மாத்திக் கூப்பிட்டாங்க, அவர் பேட்டி குடுத்தா அவரோட இங்கிலீஷ் உச்சரிப்பை அப்படியே கிண்டலா அச்சடிச்சாங்க. "என் பேரு ராபர்ட்டோ"ன்னு அவர் திரும்பத் திரும்ப சொல்லிக்கிட்டே இருந்தார்.

1972 செப்டம்பர் 30, மூவாயிரமாவது ஹிட் (பந்தை அடிச்சுட்டு அவுட்டாகாம பேஸைத் தொட்டா ஒரு ஹிட்). டிசம்பர்ல நிகராகுவா தலைநகரம் மனாகுவால பூகம்பம். இவர் நிவாரணப் பொருள் திரட்டி அனுப்புறார், அனுப்பினது மக்களுக்குப் போய்ச் சேராம அங்க அதிகாரத்துல இருந்தவங்க கைக்குப் போகுதுன்னு தெரிஞ்சதும், சரி நானே போறேன்னு டிசம்பர் 31ந்தேதி ராத்திரி ஏத்தக்கூடாத அளவுக்கு சரக்கு ஏத்தின ஒரு பழைய பிளேன்ல கிளம்பினார். கிளம்பின கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துடுச்சு. உடம்பு கூட கிடைக்கல. வயசு 38. கணக்கு அப்படியே 3,000லயே நின்னுடுச்சு, சரியா மூவாயிரம், ஒண்ணு கூடவும் இல்ல குறையவும் இல்ல.

அதான் அவர் நின்ன ரைட் ஃபீல்டுல 21 அடிச் சுவர். நான் மேல சொன்ன மஞ்சப் பாலம் இருக்கே, அதுக்கும் 1998ல அவர் பேரை வெச்சாங்க. கட்டினது 1928ல. ஆட்டம் இருக்கிற நாள்ல பாலத்துல கார் போக விடமாட்டாங்க, ஜனம் மொத்தமும் நடந்தே ஆத்தைத் தாண்டி வரும். பாலம் முடியற இடத்துல அவரோட செலை, அடிச்சுட்டு ஓடக் கிளம்புற மாதிரி. செலைக்கு அடியில போர்ட்டோ ரிகோ மண்ணு, டீமோட பழைய ரெண்டு கிரவுண்டு மண்ணு, மூணும் வெச்சிருக்காங்க. மத்த செலையில ஜனம் போட்டோ எடுக்கும், இங்க சில பேரு பூ வெச்சுட்டுப் போறதைப் பாத்திருக்கேன். நம்ம ஊர்ல செலைக்கு மாலை போடுறதுல ஒரு அரசியல் இருக்கும், இங்க ஒரு பாட்டி தனியா வந்து வெச்சுட்டு பஸ் புடிச்சுப் போனாங்க.

செலைன்னு சொன்னதும் இன்னொண்ணு. வில்லி ஸ்டார்ஜெல்னு 1979ல கப்பு வாங்கிக் குடுத்த கேப்டன், ஊரே 'பாப்ஸ்'னு கூப்பிடும், கிட்டத்தட்ட அப்பான்னு அர்த்தம். அவர் செலையைத் தொறந்து ரெண்டு நாள் கழிச்சு, 2001 ஏப்ரல் 9, புது கிரவுண்டுல முதல் லீக் ஆட்டம், அன்னிக்குக் காலைலதான் அவர் செத்துப்போனார். தெறப்பு விழாவுக்குக் கிளம்பி வந்த ஜனம் அவர் செலைக்கு முன்னாடி பூவோட நின்னுச்சு. ஆட்டமும் தோல்வி, சின்சினாட்டி 8, பிட்ஸ்பர்க் 2.

இவ்வளவு அழகா கட்ட காசு யாரு குடுத்தா? ஓனரா, கவர்மென்டா? (ஓய்வு பெற்ற தாசில்தார், விழுப்புரம்)

சார் பாயிண்டைப் புடிச்சுட்டீங்க. செலவு சுமார் 21.6 கோடி டாலர். பெரும் பங்கு ஜனங்க வரிப்பணம்.

1997 நவம்பர்ல ஓட்டெடுப்பு வெச்சாங்க, சுத்துவட்டாரத்துல 11 கவுண்டில (நம்ம மாவட்டம் மாதிரி) விற்பனை வரியை அரை சதவீதம் ஏத்தி ஸ்டேடியம் எல்லாம் கட்டலாமான்னு. பதினொண்ணுலயும் ஜனம் 'முடியாது'ன்னு அடிச்சு சொல்லிடுச்சு. அத்தோட விட்டாங்களா? 'பிளான் பி'ன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. ஏற்கனவே வசூல் ஆகிட்டிருந்த ஒரு விற்பனை வரில இருந்து கொஞ்சம், மாநில அரசுகிட்ட இருந்து கொஞ்சம், டீம்கிட்ட இருந்து கொஞ்சம்னு சேத்து, ஓட்டே கேக்காம 1998ல ஒரு போர்டுல பாஸ் பண்ணி கட்டியே முடிச்சுட்டாங்க. எதிர்த்தவங்க அதுக்கு 'ஸ்கேம் பி'ன்னு பேர் வெச்சாங்க.

டீம் போயிடும், வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்கங்கற பயம்தான் இதுல துருப்புச்சீட்டு, அமெரிக்கால ஊருக்கு ஊர் இதே கதைதான். என் அபிப்பிராயம் கேட்டா, கட்டடம் பிரமாதம், கட்டின வழி சரியில்ல. ரெண்டையும் ஒண்ணா வெச்சுத்தான் பாக்கணும். "கட்டினது நல்லாத்தானே இருக்கு, இனிமே என்ன?"ன்னு சொல்றவங்ககிட்ட எனக்கு ஒத்துப்போகாது, வேண்டாம்னு ஓட்டுப் போட்டவன் கைல இன்னும் பில்லு இருக்குல்ல.

டீம் எப்படி? ஜெயிக்குமா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

(பெருமூச்சு.)

1993ல இருந்து 2012 வரைக்கும் தொடர்ந்து 20 சீசன், ஜெயிச்சதை விட தோத்ததே அதிகம். வட அமெரிக்கால எந்த பெரிய புரொஃபஷனல் டீமும் இப்படி ஒரு ரெக்கார்டு வெச்சதில்ல. கணக்குப் போடுங்க, புது கிரவுண்டு வந்தும் பன்னெண்டு வருஷம் அதே கதி. கல்யாண மண்டபம் ஜொலிக்குது, வாழை எலை போட்டாச்சு, சாப்பாடு மட்டும் வரல.

2013 அக்டோபர் 1 மட்டும் தனி. 21 வருஷம் கழிச்சு முதல் பிளே-ஆஃப் (சீசன் முடிஞ்சு கப்புக்காக ஆடுற கட்டம்), அதே சின்சினாட்டி கூட, ஒரே ஆட்டம், தோத்தா வீட்டுக்கு. ஜனம் மொத்தமும் சொல்லிவெச்சு கருப்பு சட்டைல வந்திருந்தாங்க, 40,000 பேரு, சீட்டை விட அதிகம். எதிர் டீம் பிட்சர், அதாவது பந்து போடுறவர், பேரு ஜானி குவெட்டோ. ஒரு ஹோம் ரன் வாங்கிட்டு நிக்கிறார், கூட்டம் மொத்தமும் ராகம் போட்டு "குவே... ட்டோ... குவே... ட்டோ..."ன்னு இழுக்குது. அந்த மனுஷன் கைல இருந்து பந்து நழுவிக் கீழ விழுந்துடுச்சு, சும்மா நின்னுக்கிட்டு இருக்கும்போது! கூட்டம் கொலவை போடுது. எடுத்துப் போட்டார், அடுத்த பந்தே ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன். 6க்கு 2ன்னு ஜெயிச்சாங்க. நான் அதை ஃப்ரெண்டு வீட்டு டிவில பாத்தவன், கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டிட்டார், சத்தம் போடாதீங்கன்னு சொல்ல இல்ல, அவர் வீட்டு டிவி நின்னுபோச்சாம், உள்ள வந்து பாக்கலாமான்னு கேக்க.

2015க்கு அப்புறம் பத்து வருஷமா பிளே-ஆஃப் பக்கமே போகல. பால் ஸ்கீன்ஸ்னு ஒரு பையன் 2025ல லீக்லயே சிறந்த பிட்சர் அவார்டு வாங்கினான், அதே வருஷம் டீம் 91 ஆட்டம் தோத்துச்சு. பேஸ்பால்ல ஆட்டக்காரங்க சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்ல, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் கொட்டிக் குடுக்கும், இங்க கையை இறுக்கிப் புடிப்பாங்க. "டீமை வித்துடு"ன்னு கூட்டம் கோஷம் போடுறது இப்ப வழக்கமாவே ஆகிடுச்சு. எனக்கு என்ன தோணும்னா, இந்த அழகுதான் அவங்களுக்கு வில்லன். டீம் தோத்தாலும் வியூவைப் பாக்க ஜனம் டிக்கெட் வாங்குதுல்ல, நான் உட்பட. அப்புறம் எதுக்கு அவங்க செலவு பண்ணி நல்ல ஆளை எடுக்கணும்?

பைரேட்ஸ்னா கடல் கொள்ளைக்காரன்தானே, அந்த ஊர்ல கடலே இல்லையே? (ஒரு வாசகி, நாகப்பட்டினம்)

1891ல லூ பீயர்பாவர்னு ஒரு ஆட்டக்காரரை இன்னொரு டீம்ல இருந்து தள்ளிட்டு வந்துட்டாங்க. பறிகொடுத்தவங்க "இது கொள்ளைக்காரத்தனம்"னு கத்தினாங்க. இவங்களும் அசராம அதையே பேரா வெச்சுக்கிட்டாங்க. ஜெயிச்சா மண்டையோட்டுக் கொடி ஏத்துவாங்க. கொடி பெரும்பாலும் மடிச்சேதான் இருக்கு.

நான் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன். கிரவுண்டை எந்தத் திசைல திருப்பணும்னு பேஸ்பால்ல ரூல் இருக்காமே? (மாணவர், கோவை)

இருக்கு தம்பி. ரூல் புக்ல எழுதியிருக்கிறது, ஹோம் பிளேட்ல இருந்து பிட்சர் வழியா ரெண்டாவது பேஸுக்குக் கோடு போட்டா அது கிழக்கு-வடகிழக்கா போறது நல்லதுன்னு. சாயங்கால வெயில் பேட்ஸ்மேன் கண்ணுல அடிக்கக் கூடாது, அதான். ஆனா அது கட்டாயம் இல்ல, யோசனை மாதிரிதான். பி.என்.சி பார்க்ல அதைக் கேக்காம தென்கிழக்குப் பக்கமா திருப்பிட்டாங்க. ரூல் சொன்னபடி வெச்சிருந்தா டவுன்டவுன் ஓரத்துக்குப் போயிருக்கும், எதிர்ல மேடும் வீடுகளும்தான் தெரிஞ்சிருக்கும். தென்கிழக்கா திருப்பினாலும் சாயங்கால சூரியன் பேட்ஸ்மேனுக்குப் பின்னாடிதான், அவனுக்கு நஷ்டம் இல்ல.

உள்ளூர் டீம் உக்கார்ற இடமும் தேர்டு பேஸ் பக்கம் (பேட் பண்றவர் பார்வைல இடது பக்கம்), அங்க இருந்துதான் ஊர் நல்லா தெரியும். வெளிப் பக்கம் போட்டிருக்கிற கல்லு மினசோட்டால இருந்து வந்த மஞ்சள் சாயல் சுண்ணாம்புக்கல், மேல இரும்புச் சட்டம் நீலமா. ஊரே இரும்பு உருக்கின ஊரு, அதனால சட்டத்தை மூடி மறைக்காம வெளிய காட்டியே விட்டிருக்காங்க. வடிவமைச்சது எச்.ஓ.கே ஸ்போர்ட், இப்ப பாப்புலஸ்னு பேரு மாறிடுச்சு. உங்க காலேஜ் லைப்ரரில இவங்க வேலையெல்லாம் கண்டிப்பா கிடைக்கும், பிளானை எடுத்து வெச்சு ஒரு சூரியக் கோடு போட்டுப் பாருங்க, நான் சொல்றதை விட அதுல நல்லா புரியும்.

அந்த டீம்ல இந்தியாக்காரங்க யாராவது ஆடியிருக்காங்களா? (ஒரு வாசகர், ஓசூர்)

மெயின் டீம்ல இல்ல. ஆனா ஒப்பந்தம் போட்டாங்க. 2008ல இந்தியால யார் வேகமா எறியறாங்கன்னு ஒரு டிவி போட்டி நடந்துச்சு, அதுல தேறினவங்க உத்தரப்பிரதேசத்து ரிங்கு சிங், தினேஷ் பட்டேல், ரெண்டு பேருமே ஈட்டி எறியறவங்க, பேஸ்பால்னா என்னன்னே தெரியாது. அதே வருஷ கடைசில பைரேட்ஸ் ரெண்டு பேரையும் எடுத்துச்சு. கீழ்மட்ட லீக்லயே நின்னுபோச்சு. இந்த ரிங்கு வேற, ஐ.பி.எல்ல கடைசி ஓவர்ல அஞ்சு சிக்ஸ் அடிச்ச ரிங்கு வேற, கொழப்பிக்காதீங்க. பேஸ்பால் ரிங்கு பின்னாடி டபிள்யூ.டபிள்யூ.ஈ மல்யுத்தத்துக்குப் போய் வீர் மஹான்னு ருத்ராட்சம் போட்டுட்டு வந்தார், வீட்டுல பசங்க இருந்தா கேளுங்க, தெரிஞ்சிருக்கும்.

மகன் பிட்ஸ்பர்க்ல இருக்கான். ஆகஸ்ட்ல போறோம். வெங்கடாசலபதி கோயிலைப் பாக்கணும்னுதான் எனக்கு ஆசை, அவன் பேஸ்பாலுக்கும் கூட்டிட்டுப் போறேங்கறான். எனக்கு கிரிக்கெட்டே அரைகுறை. போய் உக்காந்தா போரடிக்குமா? (ஒரு அம்மா, கும்பகோணம்)

தாராளமா போங்கம்மா. ரெண்டும் ஒரே நாள்ல முடியும். பென் ஹில்ஸ் மலை மேல இருக்கிற அந்தக் கோயில் 1970கள்ல திருப்பதி பாணில கட்டினது, அமெரிக்கால ஆரம்ப காலத்துக் கோயில்கள்ல ஒண்ணு, பக்கத்து மாநிலத்துல இருக்கிற தமிழ்க் குடும்பங்க கூட குழந்தைக்கு மொட்டை போட காரை ஓட்டிட்டு அங்கதான் வரும். டவுன்டவுன்ல இருந்து அரை மணி நேரம் ஆகும். காலைல தரிசனம், கீழ கேன்டீன்ல புளியோதரையும் தயிர்சாதமும், ரெண்டு பொட்டலம் எக்ஸ்ட்ரா வாங்கிக்கோங்க. ஏன்னா அந்த கிரவுண்டுல வெளிச் சாப்பாடு உள்ள கொண்டு போக விடுவாங்க, சீல் பிரிக்காத தண்ணி பாட்டிலும் விடுவாங்க. பை சைஸுக்கு மட்டும் ரூல் இருக்கு, மகனை ஒரு தடவை பாத்துக்கச் சொல்லுங்க.

ராத்திரி ஆட்டம் ஆறே முக்கால் வாக்குல ஆரம்பிக்கும். முன்னெல்லாம் மூணு மணி நேரத்துக்கு மேல இழுக்கும், 2023ல இருந்து பந்து போட கடிகாரம் வெச்சுட்டாங்க, இத்தனை செகண்டுக்குள்ள போட்டாகணும்னு, அதனால ரெண்டே முக்கால் மணில முடிஞ்சிரும். ரூல் ஒண்ணும் பெருசா இல்ல. மூணு தடவை தப்பா விட்டா அவுட், மூணு பேர் அவுட்டானா அந்தப் பக்கம் ஆட்டம், இப்படி ஒன்பது தடவை. இது போதும்.

காரை எடுத்துட்டு கிட்டக்க போகாதீங்க, பார்க்கிங்குக்கு நான் ஒரு தடவை குடுத்தது டிக்கெட்டை விட அதிகம், அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. டவுன்டவுன்ல நிறுத்திட்டு பாலத்துல நடந்து வாங்க. முட்டி வலி இருந்தா 'டி'ன்னு குட்டி ரயில் இருக்கு, ஆத்துக்கு அடியில சுரங்கத்துல போகும், டவுன்டவுன்ல இருந்து அந்தக் கரை வரைக்கும் டிக்கெட்டே கிடையாது. சீட்டு தேர்டு பேஸ் பக்கம் கொஞ்சம் மேல கேளுங்க, வியூ அங்கதான். சாயங்கால வெயில் பக்கவாட்டுல அடிக்கும், ஒரு தொப்பி. லெஃப்ட் ஃபீல்டு பக்கம் எடுத்துடாதீங்க, வெயில் நேரா மூஞ்சில.

நடுவுல ஒரு ஓட்டப்பந்தயம் வரும். பிரோகின்னு போலந்து கொழுக்கட்டை, மைதா மாவுக்குள்ள உருளைக்கிழங்கும் சீஸும் வெச்சு அவிச்சு வெண்ணெய்ல வதக்குறது, இரும்பு ஆலை வேலைக்கு வந்த குடும்பங்க கொண்டு வந்த சாப்பாடு. அந்தக் கொழுக்கட்டை வேஷம் போட்டுட்டு ஆளுங்க கிரவுண்டைச் சுத்தி ஓடுவாங்க. சீஸ் செஸ்டர், ஹலப்பீன்யோ ஹன்னான்னு பேரு. நம்ம ஊர்ல பூரணக் கொழுக்கட்டையும் காரக் கொழுக்கட்டையும் ஓடினா எப்படி இருக்கும்னு நெனைச்சுக்கோங்க. என் சித்தி வந்தப்ப ஆட்டம் ஒண்ணும் புரியாம உக்காந்திருந்தவங்க இதைப் பாத்துட்டு எழுந்து நின்னு கை தட்டினாங்க. ஹன்னா ஜெயிக்கலங்கறதுல கடைசி வரைக்கும் வருத்தம்.

கூட்டத்துக்குள்ள வர்ற பந்தைப் புடிச்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமாமே. நீங்க புடிச்சிருக்கீங்களா? (ஒரு வாசகர், சேலம்)

எடுத்துட்டுப் போகலாம், கிரிக்கெட் மாதிரி திருப்பிக் குடுக்கச் சொல்ல மாட்டாங்க.

எனக்கு ஒரே ஒரு சான்ஸ் வந்துச்சு. கோயில்ல இருந்து நேரா வந்த நாளு, மடில பொட்டலம், பாதி சாப்பிட்டாச்சு. பேட் ஓரத்துல பட்டு பந்து ஒண்ணு எகிறி எங்க வரிசைக்கே வருது, நான் பொட்டலத்தை மறந்து ரெண்டு கையையும் தூக்கிட்டு எழுந்துட்டேன். பந்து என் தலைக்கு மேல போய் பின்னாடி சீட்டுல பட்டு எவனோ ஒருத்தன் கைல. புளியோதரை மொத்தமும் முன் வரிசைப் படிக்கட்டுல. பெருங்காயமும் எள்ளும் ரெண்டு இன்னிங்ஸ் மணந்துச்சு. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், கருப்பு மஞ்சத் தொப்பி, எழுபது வயசு இருக்கும், வேர்க்கடலையை ஓட்டோட உடைச்சு உடைச்சு கீழ போட்டுக்கிட்டே ஆட்டம் பாத்துட்டு இருந்தவர், மெதுவா குனிஞ்சு சோத்துக்கு நடுவுல கெடந்த ஒரு கடலையை உத்துப் பாத்தார். "இதுலயும் பீநட்டா?"ன்னார். ஆமாம்னேன். "அப்ப சரி"ன்னுட்டு அவர் கடலைப் பையை என் பக்கம் நகத்தினார்.